சிறு தொகைக்கு நீதி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நம் நாட்டுப் பழமொழி. இது சந்தைக்கு மட்டுமன்று, நீதிமன்றத்திற்கும் பொருந்தும். கடைக்காரர் எடையில் குறைத்துவிட்டார். வாங்கிய மின்விசிறி மூன்றாம் நாளே நின்றுவிட்டது. செலுத்திய கட்டணத்திற்கு ஏற்ற வேலை நடைபெறவில்லை. இழந்த தொகை சிறிது. அதை மீட்கப் புறப்பட்டாலோ, மன்றக் கட்டணம், வக்கீல் கூலி, வேலைக்குப் போகாத நாட்கள், பயணம் என்று சுமைகூலி ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே, பெரும்பாலோர் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகின்றனர். பிறந்த ஊரை விட்டு வந்து, மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும் லேக் மார்க்கெட்டிலும் குடும்பம் நடத்தும் நமக்கு மொழியும் வேறு, மன்றம் இருக்கும் தெருவும் புதிது. எனவே நமக்கு இந்தச் சுமைகூலி இரட்டிப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

சிறு தொகைக்கான நீதியின் வரலாறு முழுவதும் இந்தச் சுமைகூலியைக் குறைக்க நடந்த முயற்சிகளின் வரலாறே எனலாம். எந்தச் சுமை குறைந்தது, எது இன்னும் குறையவில்லை என்பதை அறிந்துகொண்டால், எப்போது வழக்காடலாம், எப்போது வேண்டாம் என்பது தானே விளங்கும்.

பழங்காலத்தில் வணிகரின் பிழையை அரசர்கள் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. கௌடிலியரின் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம், எடைகளையும் அளவைகளையும் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை வகுக்கிறது. கள்ள எடைக்கும் கள்ள அளவுக்கும் தண்டம் விதிக்கிறது. உள்நாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு 10 என்று இலாபத்திற்கே வரம்பு கட்டுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1296 முதல் 1316 வரை தில்லியை ஆண்ட அலாவுதீன் கில்ஜி, சந்தைக்கென்று அதிகாரியை நியமித்து, தானியம் முதல் துணிவரை விலை நிர்ணயம் செய்தார். எடை குறைத்த வியாபாரியின் உடலிலிருந்து அதே எடைக்குத் தசையை அறுத்தெடுத்தனர் என்று வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரானி எழுதி வைத்திருக்கிறார்.

தண்டனை கொடியதுதான். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏமாந்து போனவருக்கு என்ன கிடைத்தது? தண்டம் கருவூலத்திற்குப் போயிற்று. அச்சம் சந்தையில் நிலவியது. குறைந்துபோன கோதுமையோ கொடுத்த காசோ வாங்கியவர் வீடு திரும்பியதாக இல்லை. குற்றத்தைத் தண்டிப்பது ஒன்று; இழப்பை ஈடு செய்வது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நெறியாகச் சேர மிக நீண்ட காலம் பிடித்தது.

இழப்பை ஈடு செய்யும் சிறு மன்றங்களை ஆங்கிலேயரின் துறைமுக நகரங்களில் காண்கிறோம். சென்னையில் பதினேழாம் நூற்றாண்டிலேயே சாவடி நீதிமன்றம் என்ற ஒன்று சில்லறை வழக்குகளை விசாரித்து வந்தது. 1753ஆம் ஆண்டின் அரச சாசனம், சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் 5 வராகன் வரையுள்ள வழக்குகளுக்கென்று தனி மன்றங்களை ஏற்படுத்தியது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் இடத்தில் சிறுவழக்கு நீதிமன்றங்களை அமைத்து, வரம்பை 500 ரூபாயாக்கியது. 1882இல் இம்மூன்று நகரங்களுக்கு அவ்வரம்பு 2,000 ரூபாய் ஆயிற்று. ஏனைய ஊர்களுக்கு 1887ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது.

இம்மன்றங்களின் சிறப்பு சுருக்கமான விசாரணை. சாட்சியத்தை விரித்தெழுதும் வேலை குறைவு. தீர்ப்பின்மேல் சாதாரணமாக முறையீடு கிடையாது. இரு தரப்பாரும் ஆண்டுக்கணக்கில் மேல்மன்றங்களுக்கு அலையும் நிலை இதனால் தவிர்ந்தது. எனினும் கட்டணம் உண்டு, வக்கீலும் தேவைப்பட்டார். கடன் கொடுத்த லேவாதேவிக்காரரும் சரக்கு விற்ற வியாபாரியும் ஓரளவு இவற்றால் பயன் பெற்றனர். ஒரு சேர் எண்ணெயில் ஏமாந்த குடும்பத் தலைவி அங்கே படியேறவில்லை.

அவர் படியேறினாலும் சட்டம் அவரை நோக்கி ஒரு கேள்வி கேட்டிருக்கும்: வாங்கும்போது நீங்கள் ஏன் பார்த்து வாங்கவில்லை? வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற ஆங்கிலக் கோட்பாடே 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. சில விலக்குகளை அச்சட்டம் தந்தது உண்மையே. ஆனால் மூடி முத்திரையிட்ட டப்பாவினுள் இருப்பதை யார் பார்த்து வாங்குவது?

விடுதலைக்குப் பின் அரசாங்கம் வேறு வழியில் உதவ முன்வந்தது. 1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் பிறந்தது. வாங்கியவரே கட்டணம் செலுத்தி, பொருளை அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அனுப்பவும் அது இடமளித்தது. 1956இல் எடை, அளவைத் தரச் சட்டம் வந்தது. 1958 முதல் 1962க்குள் கிலோகிராம் படிப்படியாக நாடெங்கும் பரவியது. இதன் அருமை, ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கே நன்கு விளங்கும். வீசையும் மணங்கும் அறிந்த ஒருவர், சேரும் தோலாவும் வழங்கும் சந்தையில் நின்றால் கணக்குப் போடுவதற்குள் ஏமாந்து போவார். சேர் என்ற பெயர் ஒன்றாயினும் அதன் அளவு வட்டாரத்திற்கு வட்டாரம் மாறியது. மதுரையிலும் கல்கத்தாவிலும் ஒரு கிலோ ஒரே கிலோவாக ஆன நாள், அந்நியனாக வந்தவனுக்கும் சந்தையில் சம உரிமை கிடைத்த நாள்.

ஆயினும் இச்சட்டங்களும் தண்டிக்கும் சட்டங்களே. இழந்த காசு திரும்ப வேண்டும் என்ற குரல், மக்களிடமிருந்துதான் எழ வேண்டியிருந்தது. 1966இல் பம்பாயில் பெண்கள் சிலர் கூடி இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தைத் தொடங்கினர். அடுத்து வந்த ஆண்டுகளில் பல நகரங்களில் இத்தகைய சங்கங்கள் தோன்றின. 1985இல் ஐக்கிய நாடுகள் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான நெறிகளை ஏற்றது. 1986 டிசம்பர் 24ஆம் நாள் நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அந்நாளே இன்று தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இச்சட்டம் சுமைகூலியில் இரண்டு பங்கை ஒரேயடியாகக் குறைத்தது. தொடக்கத்தில் புகாருக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நாமே எழுதி, நாமே வாதிடலாம். மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று படிகள் அமைந்தன. உயர்நீதிமன்றங்களிலும் உச்சநீதிமன்றத்திலும் நடந்த வழக்குகளால் சட்டத்தின் எல்லை மேலும் விரிந்தது. வீடு கட்டித்தரும் அரசாங்க ஆணையமும் சேவை தருபவரே என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் பற்றிய வழக்கில் 1993இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் பெறும் மருத்துவமும் இதனுள் அடங்கும் என்று 1995இல் கூறியது. அதே 1995இல் வேறொரு வழக்கில், தன் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ ரிக்ஷா வாங்கியவரும் நுகர்வோரே என்று விளக்கியது. வெளியூரில் இட்லிக் கடை வைத்துத் தன் கையாலேயே மாவரைக்கக் கிரைண்டர் வாங்கும் நம்மவரும் இந்த விளக்கத்தின் நிழலில் நிற்கிறார்.

மூன்றாவது சுமை தூரம். பழைய சட்டப்படி, விற்றவர் இருக்கும் ஊரிலோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் தர வேண்டும். நாகபுரியில் வேலை பார்த்தபோது வாங்கிய பொருள் பழுதென்று, மாற்றலாகித் திருச்சிக்கு வந்த பிறகு தெரிந்தால், மீண்டும் நாகபுரிக்கு ரயில் ஏற வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் இதை மாற்றியது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டப்படி, புகார் தருபவர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே புகார் தரலாம். காணொலி வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் கேட்கலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. அவ்விலை 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகள் மாவட்ட ஆணையத்திற்கு உரியவை. இடம் பெயர்ந்து வாழ்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள திருத்தம் வேறில்லை.

இனி நான்காவது சுமை, காலம். புகாரின் நகல் எதிர்தரப்புக்குக் கிடைத்த 3 மாதங்களுக்குள், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதங்களுக்குள், தீர்ப்புக் கூற முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையோ பல வேளைகளில் வேறு. 1999இல் மதுராவில் ஒருவர் 35 ரூபாய் வீதம் இரண்டு ரயில் டிக்கெட்டுகள் வாங்கினார். 70 ரூபாய்க்குப் பதில் 90 ரூபாய் பிடித்துக்கொண்டார் டிக்கெட் கொடுத்தவர். 20 ரூபாய்க்காக நுகர்வோர் மன்றம் சென்றார் அவர். நூற்றுக்கு மேற்பட்ட முறை விசாரணை நடந்தது. 2022இல், 20 ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியுடன் திருப்பித் தரவும், அதற்கு மேல் 15,000 ரூபாய் செலுத்தவும் ரயில்வேக்கு உத்தரவாயிற்று. அவர் வென்றார்; அவரே ஒரு வழக்கறிஞராக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். 22 ஆண்டுகள் விடாது நின்ற அவரைப் பாராட்டலாம். தினக்கூலிக்குப் போகும் ஒருவர் அவ்வழியைப் பின்பற்ற இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே கட்டணம், வக்கீல், தூரம் என்ற மூன்று சுமைகள் இறங்கிவிட்டன. காலம் என்ற சுமை இன்னும் நம் தோளில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்தே நாம் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நம் தகராறு எந்த மன்றத்திற்கு உரியது என்று தெளிதல் வேண்டும். வீட்டுக்காரர் திருப்பித் தராத முன்பணமும் நண்பருக்குத் தந்த கைமாற்றும் பொதுவாக நுகர்வோர் வழக்குகள் ஆகா. அவற்றிற்குச் சிறுவழக்கு நீதிமன்றமோ வேறு உரிமையியல் மன்றமோதான் வழி. மும்பையில் வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் வழக்குகள் இன்றும் சிறுவழக்கு நீதிமன்றத்திலேயே நடக்கின்றன. பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தோடு எழும் தகராறு, 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் செல்லும். இடம் தவறிப் போனால், வழக்கு நியாயமானதாயினும் காலம் வீணாகும்.

அடுத்தது சான்று. ரசீது, உத்தரவாத அட்டை, பணம் செலுத்திய குறிப்பு, எதிர்தரப்புக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகிய இவை இருந்தால் வழக்கு விரைவில் நிலைபெறும். இவை இல்லாமல் வாய்ச்சொல்லை நம்பிப் போனால், உண்மை நம் பக்கம் இருந்தும் பயன் இராது. வரியைத் தவிர்க்கலாம் என்று ரசீது வேண்டாமென்பவர், அச்சில்லறை இலாபத்துக்காகத் தம் உரிமையையே விற்றுவிடுகிறார். எதிர்தரப்பு யார் என்பதையும் பார்க்க வேண்டும். நிலையான முகவரியும் நற்பெயரும் உடைய நிறுவனம் தீர்ப்புக்கு அஞ்சும். உத்தரவை மீறுவோருக்குச் சிறைத்தண்டனையும் உண்டென்பதை அது அறியும். திருவிழாச் சந்தையில் விற்றுவிட்டு மறுநாள் மறைந்தவர்மேல் பெற்ற தீர்ப்பு வெறும் காகிதமே.

இவ்விரண்டும் சாதகமாக இருந்தால், வழக்கிற்கு முன்பே பல தகராறுகள் தீர்ந்துவிடுகின்றன. நடந்தது என்ன, நாம் கேட்பது என்ன, எத்தனை நாட்களுக்குள் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, ஒப்புதல் பெறும் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் வராவிடில், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைத் தமிழிலேயே அணுகலாம். அம்மையம் தீர்ப்புச் சொல்லாது. நிறுவனத்திடம் நம் புகாரை எடுத்துச் செல்லும். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் இசைந்தால் கட்டணமின்றி முடிவு காணலாம். அம்முடிவின்மேல் முறையீடு இல்லை. இவையெல்லாம் பயனளிக்காதபோது ஆணையத்தின் படியேறலாம். ஆனால் வழக்கின் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் அதைச் செய்துவிட வேண்டும். கடிதப் போக்குவரத்திலேயே அக்காலம் கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

தனியாகச் சுமக்க முடியாததைப் பகிர்ந்தும் சுமக்கலாம். ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் இசைவுடன் சேர்ந்து புகார் தரலாம். பதிவு பெற்ற தன்னார்வ நுகர்வோர் சங்கமும் நம் சார்பில் புகார் தரலாம். ஒரே குடியிருப்பில் இருபது குடும்பங்களுக்கு ஒரே விற்பனையாளர் பழுதான பொருளைத் தந்திருந்தால், மொழி அறிந்த ஒருவர் எழுத, மற்றவர்கள் கையொப்பமிட்டு ரசீதுகளைச் சேர்க்கலாம். இருபது பேர் பங்கிடும்போது முக்கால் பணச் சுமைகூலி தலைக்குச் சில காசுகளாகிவிடும். வெளியூரில் நாம் கோயிலுக்கும் திருமணத்திற்கும் கூடுகிறோம். ரசீதை எடுத்துக்கொண்டு ஒரு முறை இதற்காகவும் கூடுவதில் தவறில்லை.