சுமந்தவர்களின் பெயர் எங்கே?

தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் கரியாக்கூ என்று ஒரு பெரிய சந்தைப் பகுதி இருக்கிறது. கென்யாவின் நைரோபியில் கரியோக்கோர். இரண்டுமே ‘கேரியர் கோர்’ என்பதன் திரிபு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குச் சுமை தூக்கிய ஆப்பிரிக்கர்களின் பிரிவு அது. ஊருக்குப் பெயர் தந்த அந்த மனிதர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1914 முதல் 1918 வரை ஜெர்மன் படையை எதிர்த்துக் கிழக்கு ஆப்பிரிக்காவில் போர் நடந்தது. சாலைகள் குறைவு. செட்சி ஈ கடித்துக் குதிரைகளும் மாடுகளும் மடிந்தன. ஆகவே தோட்டாப் பெட்டி முதல் மாவு மூட்டை வரை எல்லாம் மனிதத் தலைகளில் போயின. பலர் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள். குண்டு பட்டு இறந்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் பசியிலும் இறந்தவர்களே மிக அதிகம்.

1917இல் பிரிட்டிஷ் பேரரசு போர்க் கல்லறை ஆணையத்தை அமைத்தது. பதவி, இனம், மதம் பாராமல் இறந்த எல்லோரையும் சமமாக நினைவுகூர்வோம் என்பது அதன் கொள்கை. பிரான்சில் ஜெனரலுக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் வைத்தார்கள். ஆப்பிரிக்காவிலோ வெள்ளையருக்குத் தனித்தனிக் கல். கறுப்பருக்குப் பொதுவாக ஒரு சிலை. கல்லறைக் கல்லின் அருமை இவர்களுக்குப் புரியாது என்று காலனி அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். நைரோபி சிலையின் கீழே, நீ இறந்தாலும் உன் பிள்ளைகள் உன் பெயரை நினைவில் வைப்பார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. ஆனால் அங்கே ஒரு பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை.

2021இல் அந்த ஆணையமே இதை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. கிழக்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது. 2025 ஜனவரியில் கேப் டவுனில், போரில் உழைத்து இறந்த 1,700க்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களின் பெயர்களோடு ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. தேடினால் பெயர்கள் கிடைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். கோரேகான் தூணில் மகர் வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. மகர்களைப் படையில் சேர்ப்பதைப் பிரிட்டிஷார் பின்னாளில் நிறுத்தியபோதும் அந்தக் கல் அழியவில்லை. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே போனார். அந்தப் பெயர்களை உரிமைக் கோரிக்கையின் ஆதாரமாக ஆக்கினார்.

இங்கும் முதல் உலகப் போர்க் கல்வெட்டுகள் உண்டு. வேலூர் மணிக்கூண்டில் இருப்பதைப் போல, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று எண்ணிக்கையை மட்டும் அவை சொல்கின்றன. போனவர் யார், எந்தத் தெருவிலிருந்து போனார், துப்பாக்கி தூக்கினாரா, மூட்டை தூக்கினாரா என்று சொல்வதில்லை. உங்கள் பகுதியில் அப்படி ஒரு கல் இருந்தால் போய்ப் படியுங்கள். பிறகு சேரியின் முதியவர்களிடம் விசாரியுங்கள். ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் அதை எழுதி வையுங்கள்.