மொறிஸ் மைனரின் பிறேக்: வீட்டு முற்றத்துத் திருத்தவேலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாறு என்னும் பெயரில் நமக்குக் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறே. எவர் எதனை எந்த ஆண்டிற் கண்டறிந்தார் என்ற வினாவுக்கு விடை கூறுவதோடு அது நின்றுவிடுகின்றது. கண்டறியப்பட்ட பொருள் பழுதுபட்டபோது யார் அதனைத் திருத்தினர், எவற்றைக் கொண்டு திருத்தினர், எத்தகைய பொருளாதார நிலைமைகள் அத்திருத்தவேலையை வேண்டி நின்றன என்னும் வினாக்கள் அங்கு எழுப்பப்படுவதில்லை. பிற நாட்டார் செய்த கார்களைப் பல பத்தாண்டுகளாகப் பேணி ஓட்டிவரும் இலங்கை போன்ற ஒரு நாட்டைப் பொறுத்தவரை இவ்விடுபாடு சிறியதன்று. நம் நாட்டில் மோட்டார்க் காரின் வரலாறு என்பது பெருமளவுக்குத் திருத்தவேலையின் வரலாறேயாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அவ்வரலாற்றின் ஒரு சிறு கூறு: பழைய மொறிஸ் மைனர்க் காரின் பிறேக்கை வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் புதுப்பிக்கும் வேலை. ஏனைய உறுப்புகளை விடுத்துப் பிறேக்கைத் தெரிவு செய்தமைக்குக் காரணமுண்டு. இயந்திரம் பழுதுபட்டால் கார் நிற்கும். பிறேக் பழுதுபட்டால் கார் நில்லாது. 1990ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதியின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது, சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயக்கத்தைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலே கார்களை ஓட்டினர் யாழ்ப்பாணத்து மக்கள். புகை மிகுந்தது, வலு குறைந்தது, இயந்திரம் தேய்ந்தது. எனினும் கார் ஓடியது. பிறேக் அத்தகைய விட்டுக்கொடுப்புக்கு இடந்தருவதில்லை. ஆகவே பற்றாக்குறைக் காலத்துத் திருத்தவேலையின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காண்பதற்கு இதனினும் பொருத்தமான உறுப்பில்லை எனலாம்.

அடைபட்ட திரவமொன்றின் மீது செலுத்தப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கடத்தப்படும் என்பது 17ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் வகுத்த தத்துவம். அதனைக் காரின் பிறேக்குக்குப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட் 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் டூசன்பேர்க் கார் நான்கு சில்லுகளுக்கும் திரவப் பிறேக்குடன் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானபோது இம்முறை பொதுவழக்காகிவிட்டது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் ஏற்றுமதி செய்வோருக்கே உருக்கு முன்னுரிமையுடன் பங்கிடப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், அச்சிறு கார் உலகின் பல மூலைகளுக்கும் வந்து சேர்ந்தமை தற்செயலன்று என்பது புலனாகும். 1961இல் அதன் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தொட்டது.

அக்காரின் பிறேக் அமைப்பு எளியது. மிதிபடியை மிதித்ததும் மாஸ்டர் பம்பின் முசலம் திரவத்தைத் தள்ள, அமுக்கம் உருக்குக் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளுக்கும் செல்கின்றது. அங்குள்ள சிற்றுருளைகளின் முசலங்கள் விரிந்து, லைனர் பொருத்திய இரு பிறைகளைச் சுழலும் இரும்புப் பறையின் உட்புறத்தில் அழுத்துகின்றன. முன்சில்லுகளுக்கு இவ்விரு சிற்றுருளைகள், பின்சில்லுகளுக்கு ஒவ்வொன்று. இவையனைத்தும் ஒரே சுற்றில் அடங்குவன. ஆறு சிற்றுருளைகளில் எதனிலேனும் ஒரு வோஷர் கிழிந்தால் நான்கு சில்லுகளின் பிறேக்கும் ஒருங்கே இழக்கப்படும்; எஞ்சுவது கம்பியால் இழுபடும் கைப்பிறேக் மட்டுமே. கடுகண்ணாவை இறக்கத்தில் அஃது எவ்வளவுக்கு உதவும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கம் முதல் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பொருளாதாரத் தாராளமயம் வரை இந்நிலை பெரிதும் நீடித்தது. ஆசிரியர், வைத்தியர், சட்டத்தரணி, எழுதுவினைஞர் ஆகிய நடுத்தர வகுப்பினர் முன்னர் வாங்கிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இக்காலத்தில் மாற்றீடற்ற சொத்துகளாயின. விற்றால் வேறொன்று வாங்க இயலாது. ஆகவே திருத்தியே ஆகவேண்டும். உதிரிப்பாகங்களோ அரிதாகவே கிடைத்தன. வீட்டு முற்றம் ஒரு தொழிற்களமாக மாறியதன் சமூக அடிப்படை இதுவே.

அவ்வேலையின் படிமுறைகளைச் சிறிது விரித்து நோக்குவோம். முதலில் காரை உயர்த்தி மரக்குற்றிகளில் நிறுத்திச் சில்லுகளையும் பறைகளையும் கழற்றுவர். பறையின் உட்புறம் வரிவரியாகத் தேய்ந்திருப்பின் கடைசற் பட்டறைக்கு அனுப்புவர். பிறையை எறிவதில்லை, தேய்ந்த லைனரை அகற்றிப் புதியதைத் தறையாணிகளால் அறைவர். ஆணியின் தலை லைனரின் மேற்பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும். அன்றேல் பறை கீறுபடும். அடுத்துச் சிற்றுருளைகளைத் திறப்பர். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அந்த ஈரம் இரும்புருளையின் உட்சுவரை அரித்துக் குழிகளை உண்டாக்கும். குழி விழுந்த சுவரில் எத்துணைப் புதிய வோஷரும் நெடுநாள் தாங்காது. குழி ஆழமற்றதாயின் தேய்த்து ஒப்பமாக்கலாம். ஆழமாயின் உருளையைப் பெரிதாகக் கடைந்து பித்தளைக் குழலொன்றை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மேலை நாட்டார் புதிய உருளை வாங்கும் கட்டத்தில் நம்மவர் பழைய உருளைக்குள் இன்னோர் உருளையைச் செருகினர்.

மைனரில் மாஸ்டர் பம்பைக் கழற்றுவதே பெருந்தொல்லை. அது சாரதியின் காலடித் தகட்டின் கீழே சட்டத்துள் ஒளிந்திருக்கின்றது. அதன் நீண்ட ஆணிகளை இழுத்தெடுக்க முன்புறத் தாங்கியின் முறுக்குக் கோல் வழிவிடுவதில்லை. மீளப் பூட்டும்போது ஆணிகளை மறுதிசையாகச் செருகிவிட்டால் அடுத்த முறை அவற்றை எளிதாக எடுக்கலாம் என்பதை அனுபவஸ்தர் அறிவர். தொழிற்சாலையில் ஒருமுறை பூட்டுபவன் அறியாததை முற்றத்தில் மும்முறை கழற்றியவன் அறிகின்றான்.

இறுதி வேலை எயார் எடுத்தல். திரவத்தை அமுக்குதல் அரிது. காற்றை அமுக்குதல் எளிது. குழாயில் ஒரு குமிழி தங்கினும் மிதிபடி பஞ்சுபோல் அமிழும். ஒருவர் சில்லின் பின்னே படுத்து நிப்பிளைத் தளர்த்த, மற்றவர் காரினுள்ளிருந்து மிதிக்க வேண்டும். மாஸ்டர் பம்புக்கு மிகத் தொலைவிலுள்ள இடப்பக்கப் பின்சில்லில் தொடங்குவது முறை. வலப்பக்கச் சாரதி ஆசனத்தில் அமர்ந்து, “அமத்து”, “விடு” என்ற கட்டளைகளுக்கேற்ப மிதித்தவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பள்ளிச் சிறுவனோ ஆவர். இவ்வேலை இருவரின்றி நடவாது. ஆயினும் கார் திருத்தியவர் என்று பெயர் பெற்றவர் ஒருவரே. குடும்ப உழைப்பின் கணக்கில் வராத பகுதி பற்றிப் பேசுவோர் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, இவ்வேலை முழுவதும் தங்கியிருந்த அச்சிறு வோஷருக்கு வருவோம். கிண்ண வடிவினதான அவ்வோஷர் பல கார்களில் இயற்கை இறப்பராலானது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற வித்துகள் கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றுள் ஆயிரத்துத் தொளாயிரத்துக்கு மேற்பட்ட நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அதன் வழிவந்த தோட்டங்களில் இந்திய வம்சாவளித் தமிழரும், தேயிலைத் தோட்டங்களைவிடக் கூடிய விகிதத்திற் சிங்களத் தொழிலாளரும் பால் வெட்டினர். மைனர் வெளிவந்த அதே 1948இலேயே அத்தமிழ்த் தொழிலாளரின் பெரும்பகுதியினரது குடியுரிமையைப் பறித்த சட்டமும் நிறைவேறியது. 1952இல் அரிசிக்கு ஈடாகச் சீனாவுக்கு இறப்பர் கொடுத்த நாடு நமது. அத்தகைய நாடு, சில சதம் இறப்பர் அடங்கிய வோஷருக்காக அந்நியச் செலாவணியை எண்ணிப்பார்த்து நின்றது. மூலப்பொருளை மலிவாக விற்று, முடிவுப்பொருளை அருமையாக வாங்கும் குடியேற்றப் பொருளாதாரத்தின் இயல்பை இதைவிடச் சிறிய பொருளொன்றிற் காட்டுதல் கடினம்.

இறக்குமதிப் பதிலீட்டுக் காலத்தில் உள்ளூரில் வார்த்த இறப்பர்ப் பாகங்களும் புழக்கத்துக்கு வந்தன. ஆனால் வடிவம் ஒத்திருத்தல் மட்டும் போதாது. பொருளின் சேர்க்கையும் ஒத்திருக்க வேண்டும். இயற்கை இறப்பர் கனிய எண்ணெய்களில் ஊறினால் வீங்கும். தொடக்ககாலப் பிறேக் திரவம் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்ததாக அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆமணக்கெண்ணெய் அவ்விறப்பருக்குத் தீங்கு செய்வதில்லை. பிறேக் திரவத்துக்குப் பதிலாக இயந்திர எண்ணெயை வார்த்தால் முதல் நாள் பிறேக் நன்றாகவே பிடிக்கும். சில நாளில் வோஷர் வீங்கி, மாஸ்டர் பம்பின் திரும்புதுளையை அடைக்கும். பிறேக் விடாமற் பிடித்துப் பறை கொதிக்கும். ஈற்றில் வோஷர் கூழாகும். மண்ணெண்ணெயால் உருளையைக் கழுவி அதைத் துடைக்காமல் விடுதலும் இத்தன்மைத்தே. மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் மருந்தாயிருந்த தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில், கைக்கெட்டிய அத்திரவமே பிறேக்குக்குப் பகையாயிருந்தது. ஸ்பிரிட்டால் அல்லது பிறேக் திரவத்தாலேயே கழுவ வேண்டும் என்று மெக்கானிக்குகள் வற்புறுத்தியமை வெறும் தொழில் மரபன்று.

லைனர் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அக்காலத்து லைனர்கள் கல்நார் கலந்தவை. பறைக்குள் படிந்த தூசியை வாயால் ஊதியும் காற்றுக் குழாயால் வீசியும் அகற்றுதல் பொதுவழக்காயிருந்தது. அத்தூசி நுரையீரலுக்குச் செய்யும் கேடு பல பத்தாண்டு கழித்தே வெளிப்படும். பிரித்தானியா வெண்கல்நாரைத் தடைசெய்தது 1999இல். ஈரத்துணியால் துடைத்தல் என்ற எளிய காப்பு, முற்றத்தில் குந்தியிருந்து வேலை செய்தவனுக்கு எவராலும் சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

இத்திருத்தவேலையை மதிப்பிடுவோர் இருவகையினர். ஒரு சாரார் இதனைப் பின்தங்கிய நிலையின் அடையாளமாகக் கொள்வர். 1977இன் பின் வந்த யப்பானியக் கார்கள் அதற்கு முடிவு கட்டின என மகிழ்வர். மறு சாரார் இதனைத் தற்சார்பின் பெருமிதமாகப் போற்றுவர். இரண்டும் நமக்கு உடன்பாடானவையல்ல. பழைய உருளைக்குள் பித்தளைக் குழல் செருகியவனின் அறிவு உண்மையான அறிவு. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வேர், அக்காரின் உதிரிப்பாகங்களை இலங்கையிற் செய்வித்து அங்கு எடுத்துச் சென்றார் என்பதே அதற்குச் சான்று. ஆனால் வீங்கிய வோஷரோடு இறக்கத்தில் இறங்கிய காரில் இருந்தோருக்கு அப்பெருமிதத்தால் யாதும் பயனில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீளத் திறக்கப்பட்டது; இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்கள் மீண்டும் அருமையாயின.

மொழி நிலைநின்று நோக்கும்போதும் ஓர் இடைவெளி தெரிகின்றது. அமுக்கம், முசலம், உருளை என்று சுயமொழிக் கல்வி மாணவருக்குப் பஸ்காலின் தத்துவத்தைக் கற்பித்தது. கராச்சிலோ மாஸ்டர் பம்ப், வோஷர், எயார் எடுத்தல் என்னும் சொற்களே வழங்கின. உற்பத்தியாளரின் கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழிற் படித்த மாணவன் மெக்கானிக்கின் வேலையைத் தன் பாடத்தோடு இணைக்கவில்லை. மெக்கானிக்கும் தன் அறிவை எழுதி வைக்கவில்லை. மைனர்களைத் தலைகீழாய்ப் பிரித்தறிந்த அத்தலைமுறையினரில் இன்று எஞ்சியிருப்போர் முதியவர்கள். அவர்களது சொற்களையும் செய்முறைகளையும் ஒலிப்பதிவு செய்து தொகுக்கும் வேலையை நமது பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் பொறியியற் பீடங்களும் கூட்டாக மேற்கொள்ளலாம். கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய கராச்சுகள் சில இன்னும் திறந்தே இருக்கின்றன.