கட்டடத்திலிருந்து வீட்டுக்கு: தமிழகத்தில் ஆதரவற்ற குழந்தைகள் பராமரிப்பின் வரலாறு

முன்னுரை

பெற்றோரின் ஆதரவை இழந்த குழந்தைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தமிழகத்தில் நெடுங்காலமாக இரண்டு விடைகள் உண்டு. பாட்டி, தாய்மாமன், சித்தி, பெரியப்பா என யாராவது ஒருவர் குழந்தையைத் தம் வீட்டில் சேர்த்துக்கொள்வது ஒன்று. இல்லம் ஒன்றை எழுப்பி, அதில் குழந்தையைச் சேர்த்து வளர்ப்பது மற்றொன்று. முன்னது எங்கும் நடந்தது. ஆனால் அதற்கு ஏடும் இல்லை, நிதியும் இல்லை. பின்னதற்குச் சட்டம், மானியம், ஆய்வாளர், பதிவேடு எல்லாம் வந்துசேர்ந்தன. குடும்பமே முதலிடம் என்று சட்டம் சொல்லத் தொடங்கிய பிறகும், குழந்தையை வளர்க்கும் உறவினரின் கைக்கு அரசின் பணம் எளிதில் போய்ச் சேரவில்லை. இந்தத் தாமதம் எப்படி நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இல்லங்களின் தோற்றம்

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின்போது, 1787-இல் பெண் குழந்தைகளுக்கும் 1789-இல் எழும்பூரில் ஆண் குழந்தைகளுக்கும் புகலிடங்கள் தொடங்கப்பட்டன. இரண்டாவதன் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குச் சென்றது. கல்வி வரலாறு இதை விரிவாகப் பேசுகிறது. குழந்தைகள் நல வரலாற்றுக்கு முக்கியமானது வேறொன்று. அங்கே சேர்க்கப்பட்டவர்கள் அனைவரும் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் அல்லர். ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் பிறந்து, இந்தியத் தாய் உயிருடன் இருந்த சிறுவர்களும் அவர்களில் இருந்தனர். தாயிடமிருந்து பிரித்து வளர்ப்பதே குழந்தைக்கு நன்மை என்று நிர்வாகம் கருதியது. அநாதை இல்லம் என்ற பெயருக்குள் பெற்றோர் உள்ள குழந்தையும் வைக்கப்படும் வழக்கம், ஆக, தொடக்கத்திலேயே வேர்கொண்டுவிட்டது.

1876-78 பெரும் பஞ்சம் இந்த வழக்கத்தை மாகாணமெங்கும் பரப்பியது. மிஷனரிகள் நடத்திய இல்லங்கள் பெருகின. நெல்லைச் சீமையின் நாசரேத்தில் 1878-இல் தொடங்கிய கைத்தொழிற் பள்ளி போன்றவை சோற்றோடு தொழிலையும் கொடுத்தன. பசியிலிருந்து பல உயிர்களை இவை மீட்டன என்பதில் ஐயமில்லை. கூடவே, வறுமைக்கு மருந்து குழந்தையை இடம் மாற்றுவதுதான் என்ற எண்ணமும் நிலைபெற்றது.

சட்டத்தின் முதல் கை

1920-இல் இயற்றப்பட்ட சென்னைச் சிறுவர் சட்டம் இந்திய மாகாணங்களில் முதலாவது. வங்காளமும் பம்பாயும் முறையே 1922, 1924-இல் பின்தொடர்ந்தன. சிறைச் சீர்திருத்த விவாதங்களின் சூட்டில் பிறந்த சட்டமாதலால், குற்றம் செய்த சிறுவனையும் கதியற்ற சிறுவனையும் அது ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. இருவருக்கும் நீதிமன்றம், இருவருக்கும் பள்ளி என்ற பெயரில் அடைப்பு.

தேசிய இயக்கமும் பெண் விடுதலை இயக்கமும் இதற்கு மாற்றான மனப்பான்மையைக் கொண்டுவந்தன. போக்கிடமின்றித் தம் வாசலுக்கு வந்த சிறுமியருக்காக மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1930-களின் தொடக்கத்தில் ஔவை இல்லத்தை உருவாக்கினார். 1949-இல் காமராசரின் துணையுடன் மஞ்சுபாஷிணி சென்னையில் பால மந்திரைத் தொடங்கினார். இங்கே குழந்தை சந்தேகத்துக்குரியவராக அல்லாமல் அன்புக்குரியவராக நடத்தப்பட்டார். ஆனாலும் தீர்வின் வடிவம் மாறவில்லை. கட்டடமே மையமாக நின்றது. 1960-ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள், அறக்காப்பகங்கள் சட்டமும் இல்லங்களை மேற்பார்வையிடும் வழியைத்தான் வகுத்தது. குழந்தை ஏன் அங்கே வந்தது என்று கேட்கவில்லை.

தத்தெடுப்பின் எல்லை

தத்தெடுத்தல் நமக்குப் பழைய வழக்கமே. ஆனால் அது வாரிசுக்கும் ஈமக்கடனுக்குமாக, பெரும்பாலும் ஆண் பிள்ளையை நாடிய ஏற்பாடு. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழிசெய்தது. முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே மிஞ்சியது. அதன்படி அவர்கள் காப்பாளராகலாம், பெற்றோராக முடியாது. எல்லோருக்கும் பொதுவாக 1972-இல் கொண்டுவரப்பட்ட மசோதா எதிர்ப்பால் கைவிடப்பட்டது. வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடந்த முறைகேடுகள் குறித்த லட்சுமி காந்த் பாண்டே வழக்கில், 1984-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு குழந்தையின் நலனை அளவுகோலாக்கியது. 1990-இல் மத்தியத் தத்தெடுப்பு அமைப்பு உருவானது. 1992-இல் பெண் சிசுக்கொலைக்கு எதிராகச் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், தமிழகத்தில் தத்தெடுப்பை அரசின் நேரடிப் பணியாக்கியது.

இவை அனைத்தும் கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட சிசுக்களுக்கே பெரிதும் பயன்பட்டன. தந்தை இறந்து, தாய் கூலி வேலைக்குப் போகும் பத்து வயதுச் சிறுவனுக்குத் தத்தெடுப்பால் பயனில்லை. அவனுக்கு வேறு தாய் தேவையில்லை. இருக்கும் தாய்க்குத் துணை தேவை.

இந்தக் கோணத்தில், 1956-இல் காமராசர் ஆட்சியில் வேரூன்றி 1982-இல் எம்.ஜி.ஆரால் விரிவாக்கப்பட்ட மதிய உணவுத் திட்டத்தைக் குழந்தைகள் பராமரிப்பின் வரலாற்றிலும் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. சோறும் பள்ளியும் ஊருக்குள்ளேயே கிடைத்தால், அவற்றுக்காகப் பிள்ளையை வெளியே அனுப்பும் கட்டாயம் குறைகிறது.

உரிமையின் மொழி

இல்லத்து வளர்ப்பின் சேதத்தை உளவியல் ஆய்வாளர் ஜான் பௌல்பி 1951-இலேயே உலக சுகாதார நிறுவனத்துக்கான அறிக்கையில் சுட்டினார். ருமேனியாவின் புக்கரெஸ்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 136 குழந்தைகளிடம் தொடங்கிய ஆய்வு, சிறு வயதிலேயே வளர்ப்புக் குடும்பத்துக்கு மாறியவர்களின் அறிவு வளர்ச்சி, இல்லத்திலேயே விடப்பட்டவர்களைவிட மேம்பட்டதைக் காட்டியது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. மாற்றுப் பராமரிப்புக்கான ஐ.நா. நெறிமுறைகள் 2009-இல் வந்தன.

இந்தியச் சட்டத்தில் இந்த உரிமைப் பார்வையின் தடத்தைத் தெளிவாகக் காணலாம். 1986-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 'புறக்கணிக்கப்பட்ட இளஞ்சிறார்' என்றது; அதற்கு மாற்றாக வந்த 2000-ஆம் ஆண்டின் சட்டம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றது, தத்தெடுப்போடு வளர்ப்புப் பராமரிப்பையும் நிதி ஆதரவையும் சேர்த்தது. 2015-ஆம் ஆண்டின் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்பதை அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக எழுதியது. அதன் 45-ஆம் பிரிவு நிதி ஆதரவுக்கு உரியவர்களுள் விதவைத் தாயின் பிள்ளைகளையும், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற குழந்தைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பாட்டி வீடு சட்டத்தின் கண்ணில் பட்டுவிட்டது.

நடைமுறையோ வேறாக இருந்தது. மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் நாடு முழுவதும் 9,589 இல்லங்களும் ஏறத்தாழ 3.7 லட்சம் குழந்தைகளும் பதிவாயினர். தாயோ தந்தையோ ஒருவர் உள்ள குழந்தைகள் இருவரையும் இழந்தவர்களைவிட அதிகம். எழும்பூர்ப் புகலிடத்தின் பழக்கம் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்தது.

பணம் வீட்டைத் தேடியபோது

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழக அரசு உடனடியாகக் கடலோர மாவட்டங்களில் காப்பகங்களைத் திறந்தது. நாகப்பட்டினத்தின் அன்னை சத்யா இல்லம் அவற்றுள் ஒன்று. 2021-இல் கொரோனா பெற்றோரைப் பறித்தபோது அரசின் முதல் எதிர்வினை மாறியிருந்தது. இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புநிதியோடு, உறவினர் அல்லது காப்பாளரிடம் வளர்ந்தால் 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. இரு பேரிடர்களுக்கும் இடையில் நிகழ்ந்த மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டம் நிதி ஆதரவை மாதம் 4,000 ரூபாயாக உயர்த்தியது. 2025-இல் தமிழக அரசு 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது.

ஆனாலும் வாசல் குறுகியதாகவே இருக்கிறது. மிஷன் வத்சல்யாவில் ஊரகக் குடும்பத்துக்கான ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய், மாதத்துக்கு 6,000. நாளைக்கு 500 ரூபாய் கூலி வாங்கும் தாய்மாமன் மாதம் 12 நாள் வேலைக்குப் போனாலே அந்த வரம்பைத் தொட்டுவிடுவார். வருமானச் சான்று, இறப்புச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு என்று அவர் அலைய வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் விசாரணையும் ஒப்புதல் குழுவின் முடிவும் அதற்குப் பிறகுதான்.

முடிவுரை

இல்லங்களை ஒரே வீச்சில் மூடுவது இதற்குத் தீர்வாகாது. 2020-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழகம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் இல்லக் குழந்தைகளை 100 நாளுக்குள் குடும்பங்களுக்கு அனுப்பச் சொன்னபோது எழுந்த கவலை நியாயமானது: வன்முறையால் வீட்டைவிட்டு வெளியேறிய குழந்தையும் அந்தக் கணக்கில் அடங்கும். அத்தகைய குழந்தைக்குச் சிறிய, நல்ல இல்லமும், பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பமும் தேவை.

வறுமை மட்டுமே காரணமாகப் பிரியும் குழந்தைகள் விஷயத்தில் இந்த வரலாறு காட்டும் வழி நேரானது. சட்டம் 2015-லேயே உறவினர் வீட்டை ஏற்றுக்கொண்டது. 2021-இல் பணமும் அங்கே செல்லக்கூடும் என்பது நிரூபணமாயிற்று. பேரிடரில் பெற்றோரை இழந்த குழந்தைக்குக் கிடைத்தது, காசநோயிலோ சாலை விபத்திலோ இழந்த குழந்தைக்கும் அதே எளிமையோடு கிடைக்க வேண்டும். அதற்கு வருமான வரம்பை உயர்த்துவதும், சான்றுகளைத் திரட்டும் பொறுப்பை உறவினரிடமிருந்து மாவட்ட அலகுக்கு மாற்றுவதும் முதல் இரண்டு வேலைகள். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை.