கேட்கப்படாத கேள்வி: அறுவைக்குப் பின் உறையும் இரத்தமும் இந்திய மருத்துவமனைகளும்

பெங்களூருவின் பழைய தண்டுப் பகுதியைச் சூழ்ந்து வளர்ந்த குடியிருப்புகளில் ஒன்று, காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளி. தமிழும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் இடம். இங்கு ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தாலோ, கருப்பையை அகற்ற நேர்ந்தாலோ செல்வதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, 19ஆம் நூற்றாண்டு முதல் சிவாஜிநகரில் இயங்கிவரும் பௌரிங் அரசு மருத்துவமனை. மற்றொன்று, அருகிலுள்ள நர்சிங் ஹோம். காப்பீடோ சேமிப்போ இருந்தால் பெரிய தனியார் மருத்துவமனை. மூன்றிலும் அறுவை நடக்கும். ஆனால் அறுவைக்குப் பின் படுத்திருக்கும் நாட்களில் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்துவிடாமல் யாருக்குத் தடுப்பு கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது வேறு கேள்வி. இந்திய மருத்துவம் அக்கேள்வியை நெடுங்காலம் கேட்கவே இல்லை.

நுரையீரல் தமனியை அடைக்கும் இரத்தக் கட்டி அங்கேயே தோன்றுவதன்று, கால் சிரைகளிலிருந்து பெயர்ந்து வருவது என்பதை ருடால்ஃப் விர்ஹோ 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே காட்டிவிட்டார். 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மாணவரின் ஆய்வுமேசையில் தென்பட்ட உறைவெதிர்ப்புப் பொருளிலிருந்து ஹெப்பாரினின் கதை தொடங்கியது. 1930களில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு அதை அறுவை நோயாளிகளுக்குத் தடுப்பு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். எனினும் அறுவை மருத்துவர்கள் தயங்கினர். அத்தயக்கத்தில் நியாயமும் இருந்தது. இரத்தக்கசிவு மேசையிலேயே கண்ணுக்குத் தெரியும். பழி அறுத்த கைக்கு வரும். உறைவோ பத்தாம் நாளில், சில வேளை நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, திடீர் மரணமாக வரும். அதை ‘மாரடைப்பு’ என்று எழுதி முடித்துவிடலாம்.

அத்தயக்கத்தை உடைத்த ஆய்வின் பின்னால் இருந்தவர் இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்த அறுவை மருத்துவர் விஜய் கக்கர். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அவரும் உடன் பணியாற்றியோரும் கதிரியக்க அயோடின் ஏற்றிய ஃபைப்ரினோஜெனைச் செலுத்தி, கால் சிரைகளில் உறைவு உருவாவதை நாள்தோறும் பின்தொடர்ந்தனர். 1969இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, அறுவை செய்துகொண்ட 132 பேரில் 40 பேருக்கு உறைவு தோன்றியிருந்தது. பெரும்பாலோருக்கு வெளி அறிகுறி ஏதுமில்லை.

1975 ஜூலையில் ‘லான்செட்’ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வில் 40 வயதைக் கடந்த 4,121 அறுவை நோயாளிகள் இடம்பெற்றனர். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பும், பிறகு எட்டு மணிக்கு ஒருமுறையும் 5,000 யூனிட் ஹெப்பாரின் தோலடியில் செலுத்தப்பட்டது. நுரையீரல் தமனி அடைப்பால் இறந்தோர், மருந்து பெறாதோரில் 16 பேர். பெற்றோரில் 2 பேர். மருந்து பெற்றோருக்குக் காயத்தில் இரத்தம் கட்டுவது சற்று மிகுதி என்பதும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளது. இவ்வெண்களைப் படிப்போர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது வேறொன்று. அவ்வாய்வின்போது எல்லாக் காரணங்களாலும் இறந்தோர் 180 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோருக்குப் பிணக்கூறாய்வு நடந்தது. அது நடந்திராவிட்டால் 16க்கும் 2க்கும் உள்ள வேறுபாடு வெளிப்பட்டிருக்காது.

இந்திய மருத்துவமனை மரணங்களில் பிணக்கூறாய்வு அரிது. சட்டம் கோரினாலன்றி நடப்பதில்லை. எனவே ‘இந்தியர்களுக்கு இரத்த உறைவு வராது’ என்ற நம்பிக்கை மருத்துவ வகுப்பறைகளில் தலைமுறைகளாக நிலைத்தது. தேடாததால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் தேடவில்லை. ஆசிய மருத்துவமனைகள் 19இல் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, தடுப்பு மருந்தில்லாமல் இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்டோரைச் சிரைப்படம் எடுத்துப் பார்த்தது. 41 விழுக்காட்டினருக்கு உறைவு இருந்தது. அவற்றுள் பல அறிகுறியற்றவை, தாமே கரையக்கூடியவை என்ற வாதம் உண்டு. அதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் ‘ஆசியர்க்கு வராது’ என்று அதன்பின் சொல்ல வழியில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் 1996 முதல் 2005 வரையான பதிவேடுகளும், அரிய நோய் என்ற எண்ணத்துக்கு இடமளிக்கவில்லை.

இந்தியாவில் தடுப்பு எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை அளந்தது, 32 நாடுகளில் நடந்த எண்டோர்ஸ் ஆய்வின் இந்தியப் பகுதி. 2006 ஆகஸ்டு முதல் 2007 ஜனவரி வரை 10 மருத்துவமனைகளில் 2,058 நோயாளிகளின் ஆவணங்கள் பார்க்கப்பட்டன. அறுவைப் பிரிவில் 1,110 பேர். அவர்களுள் 680 பேர் உறைவு அபாயம் உள்ளவர்கள். பரிந்துரைக்கப்பட்ட தடுப்பு இவர்களுள் 16.3 விழுக்காட்டினருக்கே கிடைத்திருந்தது. 32 நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் அவ்விகிதம் 58.5. கக்கரின் ஆய்வு வெளியாகி அப்போது முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

மருந்தின் விலை காரணமா? ஒரு பகுதிதான். ஹெப்பாரின் பழைய மருந்து. இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. அரசின் விலை வரம்புக்கு உட்பட்டது. மூலப்பொருள் விலையேற்றத்தால் 2020இல் அவ்வரம்பு 50 விழுக்காடு உயர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் சீக்கிரம் எழுந்து நடக்கவைப்பதற்கும், கணுக்காலை அசைக்கச் சொல்வதற்கும் விலையே இல்லை. அதற்கு வேண்டியது வார்டில் ஆள்.

பெரிய காரணம், முடிவு ஒவ்வொரு மருத்துவரின் நினைவுக்கும் தனிப்பட்ட எண்ணத்துக்கும் விடப்பட்டதுதான். நினைவுக்கு விடப்படும் இடத்தில் ஏற்றத்தாழ்வு தானே நுழையும். வசதியான அமெரிக்க மருத்துவமனையும் இதற்கு விலக்கன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உரிய தடுப்பு எழுதப்படுவதில் இனத்தாலும் பாலினத்தாலும் வேறுபாடு இருந்ததை அங்குள்ளோரே கண்டறிந்தனர். அபாயக் கணிப்புப் படிவத்தை நிரப்பாமல் அனுமதி ஆணையை முடிக்க இயலாதபடி கணினியில் மாற்றம் செய்யப்பட்டது. 2015இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, தடுப்பு பெறுவோர் எல்லாப் பிரிவிலும் உயர்ந்தனர். பிரிவுகளுக்கிடையிலான வேறுபாடு மறைந்தது. மருத்துவர்களின் மனச்சாய்வைத் திருத்தப் பாடம் எடுத்ததால் அன்று. எல்லோருக்கும் ஒரே கேள்வியைக் கட்டாயமாக்கியதால். இங்கிலாந்திலும் 2010 முதல் மருத்துவமனைக்கான நிதியில் ஒரு பங்கு இக்கணிப்போடு பிணைக்கப்பட்டது. அனுமதியாவோரில் கணிக்கப்படுவோர் விகிதம் விரைவில் 90ஐத் தாண்டியது.

இதில் பெங்களூருவுக்கு ஒரு வினோதமான இடம் உண்டு. கக்கர் லண்டனில் நிறுவிய இரத்த உறைவு ஆய்வு நிறுவனத்தின் இந்தியக் கிளை அமைந்தது இந்நகரின் தென்கோடியில், பொம்மசந்திரத்தின் நாராயண ஹ்ருதயாலயா வளாகத்தில். அந்த அறிவு இந்நகருக்கு அயலானதன்று. ஆனால் அபாயக் கணிப்புத் தாளுக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. வயது, எடை, புற்றுநோய், முன்பு உறைவு வந்ததா, எத்தனை நாள் படுக்கை என்று மதிப்பெண் இடும் ஒரு பக்கம் போதும். அத்தாள் ஒவ்வொரு நோயாளியின் கோப்பிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதுதான் தெருமுனை நர்சிங் ஹோம் வரை செல்லவேண்டிய செய்தி.

வீடு திரும்பிய பிறகும் இடைவெளி தொடர்கிறது. இடுப்பு மாற்று அறுவைக்குப் பின் தடுப்பு மருந்து 35 நாள் வரை பரிந்துரைக்கப்படுகிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் வீடு திரும்பிய பின்னான மருந்துச் செலவை ஏற்பது 15 நாள் வரை. 2020 இறுதியில் ரிவராக்சபான் காப்புரிமை முடிந்து மாத்திரைகள் மலிவானதால், ஊசி போட ஆள் தேடும் சுமை குறைந்திருக்கிறது. ஆனால் எத்தனை நாள் விழுங்க வேண்டும், கெண்டைக்கால் வீங்கினாலோ திடீரென மூச்சு முட்டினாலோ எங்கே ஓட வேண்டும் என்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சான டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது. ஜீவனஹள்ளி வீடுகளில் அதைத் தமிழிலோ கன்னடத்திலோ உருதுவிலோ படித்துச் சொல்வது பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வேலை.