ஐஎன்எஸ் கல்வாரி

இந்தியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பல். சோவியத் நாட்டின் ஃபாக்ஸ்ட்ராட் வகையைச் சேர்ந்தது. 1967 முதல் 1996 வரை பணியில் இருந்தது.

இந்தியா முதலில் பிரிட்டனிடம்தான் கேட்டுப் பார்த்தது. கடன் வசதி ஒத்துவரவில்லை. 1964இல் பாகிஸ்தான் அமெரிக்காவிடமிருந்து 'காஸி' நீர்மூழ்கியைப் பெற்றுக்கொண்டதும் டெல்லிக்கு அவசரம் கூடியது. மறு ஆண்டே மாஸ்கோவுடன் நான்கு கப்பல்களுக்குப் பேச்சு முடிந்தது. லெனின்கிராட்டில் கட்டப்பட்ட கல்வாரி, 1967 டிசம்பர் 8 அன்று ரீகா துறைமுகத்தில் கமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன் தலைமையில் கடற்படையில் சேர்ந்தது. அந்தத் தேதியே இன்றும் நீர்மூழ்கி தினம். சூயஸ் கால்வாய் அப்போது மூடிக்கிடந்ததால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, 1968 ஜூலையில்தான் விசாகப்பட்டினம் வந்தடைந்தது.

நீளம் சுமார் 91 மீட்டர்; ஏழு அறைகள்; முன்புறம் ஆறு, பின்புறம் நான்கு டார்பிடோ குழாய்கள். நீருக்கு மேலே டீசல் எஞ்சின், அடியில் பேட்டரி மின்சாரம். பேட்டரி இறங்கினால் மேற்பரப்பையொட்டி வந்து, காற்றுக்குழாயை வெளியே நீட்டி எஞ்சினை ஓட்டியாக வேண்டும். எதிரியின் கண்ணில் படும் நேரமும் அதுவே. எழுபதுக்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்த இடம் அது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டத் துவாரத்தில் உடம்பை மடக்கி நுழைய வேண்டும். நன்னீர் அளந்துதான் கிடைக்கும், குளியல் பெரும்பாலும் கரைக்கு வந்த பிறகுதான். குளிர்கடலுக்கென வடிவமைத்த கப்பலில் வங்கக்கடல் வெக்கை வேறு.

1971 போரில் இதன் உடன்பிறப்புகளான கரஞ்சும் குர்சுராவும் அரபிக்கடலில் ரோந்து சுற்றின. இந்திய நீர்மூழ்கி எதுவும் டார்பிடோ ஏவவில்லை. எனவே கல்வாரியின் பெருமையைப் போர்க்கணக்கில் தேடுவது வீண். நீருக்கடியில் வேலை செய்யத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கியதே அதன் சாதனை. நீர்மூழ்கிப் படைக்கென 1971 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஐஎன்எஸ் வீர்பாகு தளம் வந்தது. மூழ்கியிருக்கும் கப்பலுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ் அலைவரிசை நிலையம், ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990இல் திருநெல்வேலி விஜயநாராயணத்தில் அமைந்தது.

1996 மே 31இல் கல்வாரி ஓய்வு பெற்றது. மும்பை மசகான் கப்பல்தளத்தில் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்துடன் கட்டப்பட்ட ஸ்கார்பீன் வகை நீர்மூழ்கி 2017 டிசம்பரில் அதே பெயரை ஏற்றது.

ஃபாக்ஸ்ட்ராட் வகையின் மற்றொரு கப்பலான வாக்லியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கும் திட்டம் கைகூடவில்லை. உள்ளே நுழைந்து பார்க்க விரும்புவோர் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போகலாம். குர்சுரா 2002 முதல் அங்கே காட்சிக்கு இருக்கிறது.