ஒரே மாதிரி படகு... அப்போ ஜெயிக்கிறது யாரு?

காஞ்சிபுரத்துல ஒரே பட்டு நூலையும் ஒரே டிசைனையும் ரெண்டு நெசவாளர்கிட்ட கொடுத்துப் பாருங்க. கோர்வைச் சேலையில் கரையும் உடலும் சேருற இடத்தைத் தடவிப் பார்த்தே, ‘இது இன்னார் கை’ன்னு பழகினவங்க சொல்லிடுவாங்க. இதே சோதனையை நடுக்கடலில் நடத்திய பாய்மரப் படகுதான் ‘வோல்வோ ஓஷன் 65’.

உலகைச் சுற்றிவரும் வோல்வோ ஓஷன் ரேஸ், 2008 டிசம்பரில் நம்ம பக்கத்துக் கொச்சிக்கே வந்தது. அப்போ பெரும்பாலான அணிகள் தங்களுக்கென 70 அடிப் படகைத் தனியாக வடிவமைத்துக் கொண்டுவந்தன. செலவு எக்கச்சக்கம். 2011-12 ரேஸில் வெறும் 6 அணிகள்தான் மிஞ்சின. அதனால் அடுத்த ரேஸுக்கு ஒரே அச்சில் எல்லோருக்கும் படகு கட்டினார்கள். வடிவமைத்தது ஃபார் யாட் டிசைன். நீளம் 20 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை 12.5 டன். பாய்மரத்தூண் 30.3 மீட்டர்; நம்ம ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தில் சுமார் பாதி உயரம்! உங்க இஷ்டத்துக்குப் படகை மாற்றக் கூடாது, பாய்களின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு. மிச்சமிருப்பது ஆட்களும் அவர்கள் எடுக்கும் முடிவும்தான்.

அந்த முடிவு தப்பினால்? 2014 நவம்பர் 29 இரவு, ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே, கார்கடோஸ் காராஜோஸ் பவளத்திட்டில் மோதியது. மின்னணு வரைபடத்தை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த அளவில் அந்தத் திட்டின் ஆபத்து சரியாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் போதும்! படகில் இருந்த 9 பேரும் உயிர்பிழைத்தார்கள். நொறுங்கிய படகை மீட்டு, இத்தாலியில் மறுபடி கட்டி, 2015 ஜூனில் லிஸ்பனிலிருந்து ஓட்டவும் செய்தார்கள்.

அந்த லிஸ்பன் - லோரியாங் கட்டத்தை ஜெயித்தது யார் தெரியுமா? முழுக்கப் பெண்களே ஓட்டிய ‘டீம் எஸ்சிஏ’. இந்த ரேஸில் ஒரு பெண்கள் அணி கட்டம் ஒன்றை வென்று 25 வருஷம் ஆகியிருந்தது. ஆண்கள் அணிகளில் மாலுமிகள் 8 பேர், இவர்களுக்கு 11 பேர் வரை அனுமதி. ‘அது சலுகைதானே’ன்னு கேட்காதீங்க. காற்று ஊதும்போது அந்தப் பாயைக் கையால் இழுத்துப் பார்த்தால் புரியும்.

உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஆசை வந்தால் 65 அடியெல்லாம் தேடவேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியலும் ‘எல்லோருக்கும் ஒரே படகு’ ரகம்தான். நீளம் 4.2 மீட்டர், ஓட்ட ஒரே ஆள்.