பனியில் விளையாடிய பீட்டர்

1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி ஸ்னோவி டே’ என்ற சிறுவர் படக்கதையில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. பீட்டர் என்ற சிறுவன் நாள் முழுதும் பனியில் விளையாடுகிறான். ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான், அது கரைந்துவிடுகிறது. பனியையே காணாத நம் பிள்ளைகளுக்கும் அந்த ஏமாற்றம் புரியும்.

பீட்டர் கறுப்பினச் சிறுவன். அதைப் படம்தான் காட்டுகிறது. எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை. எழுதி வரைந்த எஸ்ரா ஜேக் கீட்ஸ், போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் புரூக்ளினில் பிறந்தவர். 1963இல் இந்நூலுக்குக் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது.

அந்நாளில் இத்தகைய நூல் அரிது. 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்த கல்வியாளர் நான்சி லாரிக், 349இல் மட்டுமே, அதாவது 6.7 விழுக்காட்டில், கறுப்பினத்தவர் இடம்பெற்றதாக 1965இல் எழுதினார். கறுப்பினப் பிள்ளை புத்தகத்தில் தன்னைக் காணவில்லை. வெள்ளையினப் பிள்ளையோ தன்னைப் போன்றவர்களை மட்டுமே கண்டது. அதன் கேடும் சிறிதன்று.

லாரிக் கீட்ஸையும் விட்டுவைக்கவில்லை. பீட்டரின் இனத்தை எழுத்தில் சொல்லாததையும், தாயை வரைந்த விதத்தையும் குறைகூறினார். முதல் குறை அவ்வளவு பொருந்தவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பீட்டர் முதலில் ஒரு விளையாட்டுத் தோழன். நிறத்தைப் பற்றிப் பிள்ளை கேட்டால், “அப்படியெல்லாம் பேசக்கூடாது” என்று வாயை அடைக்காமல் பதில் சொல்லலாம். பிறகு வீட்டிலுள்ள மற்றக் கதைப்புத்தகங்களையும் விரித்து, யார் எந்தப் படத்திலும் இல்லை, யார் எப்போதும் வேலைக்காரராகவே வருகிறார் என்று பிள்ளையையே தேடச் சொல்லலாம்.